பெண் துப்பறிவாளரை வைத்து வரலாற்றுக் குற்றப் புதினம்: முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

கடந்த நூற்றாண்டு ஒன்றில் ஒரு கொலை நடக்கிறது. காவல் துறையையோ நீதிமன்றத்தையோ சேராத ஒரு பெண் அதைத் துலக்குகிறார். இந்த அமைப்பில் முதல் நாவலை எழுதத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஆவணத்தை எப்போது பார்ப்பது, எதற்குப் பணம் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை தெரியாமல் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த இங்கிலாந்திலிருந்து வருகின்றன. இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. அந்நாட்டின் பதிவுகளை வீட்டிலிருந்தே படிக்கவும் முடிகிறது. வேறு நாட்டைத் தேர்ந்தாலும் கீழுள்ள வரிசை அப்படியே பொருந்தும். சட்டங்களும் ஆண்டுகளும் மட்டும் மாறும்.

1. ஆண்டை முடிவு செய்யுங்கள், ‘காலகட்டம்’ போதாது

‘விக்டோரியா காலத்துக் கதை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். அது 1837 முதல் 1901 வரை நீளும் காலம். அதன் தொடக்கத்தில் இருந்த சட்டம் இறுதியில் இல்லை. உங்கள் கதாநாயகி திருமணமானவர் என்றால், 1882ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1883 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு அவர் பெயரில் இருந்த பணத்தின் மீது கணவருக்கு இருந்த அதிகாரம் வேறு, அதற்குப் பின்பு இருந்த நிலை வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் சார்பில் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லும் பொது உரிமை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ஆகவே 1880இல் நடக்கும் ஒரு கொலை வழக்கில் கைதி சாட்சிக் கூண்டில் ஏறித் தன் கதையை உருக்கமாகச் சொன்னால், விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இன்னும் சில எல்லைக் கோடுகளை நினைவில் வையுங்கள். லண்டன் காவல் துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901இல். கைரேகையைக் கொண்டு இங்கிலாந்தில் முதன்முதலாகக் கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டது 1905இல், ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் வழக்கில். கைது செய்யும் அதிகாரத்துடன் எடித் ஸ்மித் என்ற பெண் கிராந்தம் நகரில் காவலராகப் பொறுப்பேற்றது 1915இல். 1919 இறுதியில் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகுதான் பெண்கள் ஜூரியில், அதாவது தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவில், அமர முடிந்தது. பெண் வழக்கறிஞர்கள் 1922இல் வந்தார்கள். உங்கள் கதை 1895இல் நடந்தால் அந்த நீதிமன்றத்தில் நீதிபதி, வழக்கறிஞர்கள், ஜூரி, காவலர் அனைவரும் ஆண்களே. கதாநாயகிக்குப் பார்வையாளர் பகுதியும் சாட்சிக் கூண்டும் மட்டுமே மிஞ்சுகின்றன. என் அனுபவத்தில், நல்ல கதை முடிச்சுகள் இந்த இல்லாமைகளிலிருந்தே கிடைத்தன.

ஆண்டோடு மாதத்தையும் முடிவு செய்துவிடுங்கள். அதற்கான காரணம் நான்காம் படியில் தெரியும்.

2. அவர் எந்தக் கதவு வழியாக நுழைகிறார் என்பதை எழுதி வையுங்கள்

அதிகாரம் இல்லாதவர் ஒரு பிணத்தின் அருகே எப்படி வந்தார்? ‘ஆர்வம் உந்தியது’ என்பது ஒரு முறைக்கு மேல் செல்லாது. அவருடைய தொழிலோ குடும்ப நிலையோ அந்தக் கதவைத் திறக்க வேண்டும். மருத்துவச்சி, தாதி, வீட்டு ஆசிரியை, பாதிரியாரின் தங்கை, சீமாட்டியின் பணிப்பெண் ஆகியோர் பழக்கமான தேர்வுகள். தந்திச் சேவையை அஞ்சல் துறை ஏற்றுக்கொண்ட 1870க்குப் பிறகு என்றால் தந்தி அலுவலகப் பெண் ஊழியர் ஒரு நல்ல தேர்வு. ஊரின் ரகசியங்கள் அவர் விரல்களைக் கடந்து போகின்றன. ஏழை நல வாரியங்களுக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்படத் தொடங்கிய 1875க்குப் பிறகு, ஏழைகள் இல்லத்துக்குள் கேள்வி கேட்டபடி நடமாடும் உரிமையுள்ள ஒரு கதாநாயகியையும் படைக்கலாம்.

எனக்குப் பிடித்த தேர்வு, இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றிக் கிடத்தும் பெண். ஒவ்வொரு ஊரிலும் இந்த வேலைக்கு அழைக்கப்படும் ஒருத்தி இருந்தார். பல இடங்களில் அவரே பிரசவமும் பார்த்தார். மருத்துவர் பார்க்காத முதுகையும் அக்குளையும் தலைமுடிக்குள் இருக்கும் காயத்தையும் அவர் பார்க்கிறார். இதில் ஒரு சட்ட ஓட்டையும் சேர்கிறது. மரணத்துக்கு மருத்துவச் சான்று தேவை என்று 1874ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் சான்று தரும் மருத்துவர் இறந்த உடலை நேரில் பார்த்தாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர், தன் மேசையில் அமர்ந்தபடியே ‘இரைப்பை அழற்சி’ என்று எழுதிக் கையெழுத்திட முடிந்தது. உடலைப் பார்த்தவர் கிடத்திய பெண் மட்டுமே என்றால், உங்கள் நாவலின் முதல் அத்தியாயம் கிட்டத்தட்டத் தயார்.

எச்சரிக்கை: திருமணமாகாதவர், கைம்பெண், திருமணமானவர் ஆகிய மூன்று நிலைகளுக்கும் உரிமைகள் வேறுவேறு. கைம்பெண்ணுக்கு வீடும் வருமானமும் வெளியே செல்லும் சுதந்திரமும் ஓரளவு இருந்தன. இவ்வகை நாவல்களில் கைம்பெண்கள் மிகுதியாக வருவதற்கு அதுவே காரணம். அதனாலேயே அந்தத் தேர்வு சற்றுத் தேய்ந்தும் போய்விட்டது.

3. மரண விசாரணையை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் நேரே பெரிய நீதிமன்றக் காட்சிக்குத் தாவிவிடுகிறார்கள். உங்கள் கதாநாயகிக்கு உண்மையில் உதவும் இடம், ஐயத்துக்குரிய மரணங்களை ஆராயும் அதிகாரியான கரோனர் நடத்தும் மரண விசாரணை. அது பொதுவாக மரணம் நிகழ்ந்த ஓரிரு நாட்களில், ஊரிலேயே, பெரும்பாலும் மதுக்கடையின் மாடி அறையில் நடந்தது. பொதுமக்கள் வந்து கேட்கலாம். பெண்கள் ஜூரியில் இருக்க முடியாவிட்டாலும் சாட்சி சொல்லலாம். குறைந்தது 12 ஆண்கள் ஜூரியாக அமர்ந்து உடலை நேரில் பார்த்தாக வேண்டும். இந்தக் கட்டாயம் 1926ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகே தளர்ந்தது. இன்னார் கொலை செய்தார் என்று பெயர் சொல்லித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அந்த ஜூரிக்கு 1977 வரை இருந்தது. எனவே தவறான ஆள் மீது பழி விழும் திருப்பத்தை மூன்றாம் அத்தியாயத்திலேயே சட்டப்படி நிகழ்த்திவிடலாம்.

செலவு விவரமும் கதைக்குப் பயன்படும். 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி சாட்சி சொல்லும் மருத்துவருக்கு ஒரு கினி. பிரேதப் பரிசோதனையும் செய்தால் இரண்டு கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஒரு பவுண்டு என்பது 20 ஷில்லிங், அதாவது 240 பென்ஸ். உடலை அறுத்துப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பின்னால் யாராவது செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி நம்பும்படி அமையும்.

ஸ்காட்லாந்தில் கதை நடந்தால் இந்தப் படி முழுவதும் செல்லாது. அங்கே கரோனர் கிடையாது. அரசு வழக்குரைஞர் தனியாக விசாரிப்பார். ஜூரியில் 15 பேர். குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டு தீர்ப்புகளுடன் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற மூன்றாவதும் இருந்தது. எடின்பரோ நகரில் கரோனரை உலவ விடுவது அடிக்கடி காணும் பிழை.

4. சட்டத்தின் கடிகாரத்தைக் கொண்டு கதையின் நாட்களைக் குறியுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். கதையின் வேகம் இங்கேதான் தீர்மானமாகிறது. பின்னால் திருத்துவது மிகவும் கடினம்.

1848ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், மாஜிஸ்திரேட் ஒரு கைதியை ஒரு முறைக்கு எட்டு நாட்களுக்கு மேல் காவலில் வைக்க உத்தரவிட முடியாது. அதாவது ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை கைதி மீண்டும் கொண்டுவரப்படுவார். ஒவ்வொரு முறையும் புதிய சாட்சி, புதிய செய்தி, வாசலில் கூட்டம். இது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அத்தியாயப் பிரிப்பு. அதன் பிறகு வழக்கு பெரிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். லண்டனில் 1834 முதல் மத்தியக் குற்றவியல் நீதிமன்றம் ஆண்டுக்கு 12 அமர்வுகள் கூடியது. ஆகவே ஒரு மாதத்துக்குள் விசாரணை வந்துவிடும். மாவட்டங்களிலோ நீதிபதிகள் சுற்றுப்பயணமாக வருவார்கள். வழக்கமாக வசந்த காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. சில மாவட்டங்களில் குளிர்காலத்திலும் ஓர் அமர்வு இருந்தது. கோடை அமர்வு முடிந்த மறுவாரம் கைதானவர் பல மாதங்கள் சிறையில் காத்திருக்க நேரலாம். மாதத்தை முன்பே முடிவு செய்யச் சொன்னது இதனால்தான். நெருக்கடி வேண்டுமென்றால் லண்டன், நீண்ட தேடல் வேண்டுமென்றால் மாவட்டம்.

மரண தண்டனை விதிக்கப்பட்டால் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 1868ஆம் ஆண்டு விதிகளின்படி தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிய வேண்டும். 1836 வரை நிலைமை வேறு; கொலைக் கைதிக்குத் தீர்ப்புக்கு மறுநாள் விட்டு அடுத்த நாளே தூக்கு. 1908க்கு முன்பு குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இல்லை. உள்துறைச் செயலருக்குக் கருணை மனு அனுப்புவது ஒன்றே வழி. கையெழுத்துத் திரட்டுவது, செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதுவது, புதிய தடயத்தை உள்துறை அலுவலகத்தில் சேர்ப்பது எல்லாம் ஒரு பெண்ணுக்குத் தடையின்றித் திறந்திருந்த வேலைகள். கணவரை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஃபுளோரன்ஸ் மேப்ரிக்குக்கு 1889இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை அப்படி எழுந்த கிளர்ச்சிக்கு நடுவே ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. 1904இல் அவர் விடுதலையானார்.

நாள்காட்டியில் இரண்டு பொறிகள் உண்டு. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி. அதற்கு முன்பு ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே பழைய பதிவில் ‘1740 பிப்ரவரி’ என்று இருந்தால் அது நம் கணக்கில் 1741. அடுத்தது மணி நேரம்: கிரீனிச் நேரம் நாடு முழுவதற்கும் சட்டப்படியான நேரமானது 1880இல்தான். பிரிஸ்டல் நகரின் உள்ளூர் நேரம் லண்டனுக்குச் சுமார் பத்து நிமிடம் பின்தங்கியது. 1840களில் ‘அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன்’ என்ற வாதத்தை நிமிடக் கணக்கில் அமைப்பவர், எந்தக் கடிகாரம் என்று சொல்லியே ஆக வேண்டும். அல்லது அந்தப் பத்து நிமிடத்தையே ஒரு துப்பாக மாற்றிவிடலாம்.

5. நஞ்சு, இரத்தம்: அந்த ஆண்டில் என்ன தெரியும்?

நஞ்சைத் தேர்வதற்கு முன் அதை வாங்கும் முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். 1851ஆம் ஆண்டின் ஆர்செனிக் சட்டப்படி கடைக்காரர் தேதி, வாங்குபவரின் பெயர், முகவரி, தொழில், அளவு, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்துப் பெற வேண்டும். வாங்குபவர் கடைக்காரருக்கு அறிமுகமில்லாதவர் என்றால் இருவருக்கும் தெரிந்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். சிறிய அளவில் விற்கும் ஆர்செனிக்கில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் கதைக்குள் எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1857இல் கிளாஸ்கோவில் நடந்த மேடலின் ஸ்மித் நிகழ்வைப் பாருங்கள். காதலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவர், அதற்கு முந்தைய வாரங்களில் மூன்று முறை வெளிப்படையாகவே ஆர்செனிக் வாங்கியிருந்தார். ஒரு கடையின் பதிவேட்டில் நோக்கம் என்ற இடத்தில் ‘தோட்டத்துக்கும் கிராமத்து வீட்டுக்கும்’ என்ற பதிவு, அருகே அவர் கையெழுத்து. ஒரு கடையில் வாங்கியது புகைக்கரி கலந்தது, மற்றதில் வாங்கியது அவுரி கலந்தது. அப்படியானால் இறந்தவரின் வயிற்றில் அந்த நிறம் இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. பரிசோதித்தவர்கள் நிறத்தைத் தேடியிருக்கவில்லை. தீர்ப்பு, ‘நிரூபிக்கப்படவில்லை’. ஒரு பதிவேட்டின் சில கட்டங்களிலும் ஒரு சிட்டிகைக் கரியிலும் எவ்வளவு கதை ஒளிந்திருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கதாநாயகிக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மருந்துக் கடைக்காரரின் பதிவேட்டை ஒரு நிமிடம் பார்க்கக் காரணம் கிடைத்தால் போதும்.

உடலில் கலந்த ஆர்செனிக்கைக் காட்டும் மார்ஷ் சோதனை 1836இல் வெளிவந்தது. மனித இரத்தத்தையும் விலங்கு இரத்தத்தையும் உறுதியாகப் பிரித்தறியும் சோதனை வந்தது 1901இல்தான். எனவே 1880இல் சட்டைக் கறையைக் காட்டி ‘இது ஆட்டு இரத்தம்’ என்று சந்தேக நபர் சொன்னால், அதை ஆய்வுக்கூடம் மறுக்க முடியாது. அன்று ஆடு அறுபட்டதா என்று விசாரித்துத்தான் மறுக்க வேண்டும். அந்த விசாரணையை ஊர்ப் பெண்கள் நடுவே உங்கள் கதாநாயகி காவலரை விடச் சிறப்பாகச் செய்வார்.

6. ஆவணங்களைத் தேடும் வரிசை: இலவசமானவை முதலில்

‘ஓல்டு பெய்லி’ எனப்படும் லண்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்கு நடவடிக்கைகள் இணையத்தில் முழுமையாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சாட்சிகள் பேசும் முறை, கேள்விகளின் தொனி, வீட்டுப் பொருட்களின் விலை எல்லாம் அங்கே உண்டு. உங்கள் ஆண்டைச் சேர்ந்த சில கொலை வழக்குகளை முதலில் படியுங்கள். ஒரு குறையை மறக்க வேண்டாம்: அவை அச்சுக்காகச் சுருக்கப்பட்டவை. பாலியல் குற்ற வழக்குகளில் சாட்சியங்களை வெளியிடத் தகாதவை என்று பலமுறை விட்டுவிட்டார்கள்.

அடுத்து செய்தித்தாள்கள். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகம் சந்தா கேட்கும். அதை உடனே கட்டாதீர்கள். வேல்ஸ் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் இலவசம். ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ ஆகியவையும் இலவசம். பரபரப்பான இங்கிலாந்து வழக்குகளைக் குடியேற்ற நாட்டுப் பத்திரிகைகள் நீளமாக மறுபதிப்புச் செய்தன. கப்பலில் வர வேண்டியிருந்ததால் அவை தாமதமாக வெளிவந்தன. ஆகவே தேடும்போது நிகழ்வுக்குப் பிந்தைய சில மாதங்களையும் சேர்த்துத் தேடுங்கள். கணினி வாசித்த பழைய எழுத்துகளில் பிழை மிகுதி. கொல்லப்பட்டவரின் பெயரில் கிடைக்காதது தெருவின் பெயரிலோ கரோனரின் பெயரிலோ கிடைக்கும்.

ஊரின் அமைப்புக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்துப் பழைய நில அளவைப் படங்கள் உள்ளன. கதாநாயகி எந்தச் சந்து வழியாகத் திரும்பினார் என்பது வரை பார்த்துவிடலாம். பார்வையிடக் கட்டணமில்லை.

7. பணம் எங்கே தேவைப்படும்?

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம். காவல் துறையின் கொலை வழக்குக் கோப்புகள் ‘எம்இபிஓ 3’ வரிசையிலும், உள்துறை அலுவலகக் கோப்புகள் ‘எச்ஓ 144’ வரிசையிலும், மாவட்டச் சுற்று நீதிமன்றப் பதிவுகள் ‘ஏஎஸ்எஸ்ஐ’ என்ற தலைப்பிலும் உள்ளன. நேரில் செல்பவர்களுக்கு வாசகர் அட்டை இலவசம். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டின் மூலப் பிரதிகளும் தேவை. செல்ல முடியாதவர்கள் நகல் கேட்கலாம். முதலில் கோப்பில் எத்தனை பக்கம் என்று பார்க்க ஒரு கட்டணம், பிறகு நகலுக்கு ஒரு கட்டணம் என இரண்டு கட்டமாகச் செலவு வரும். வாரக் கணக்கில் ஆகும். ஆகவே முதல் வரைவை எழுதத் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். ஆனால் ஆண்டும் கதை முடிச்சும் உறுதியாகும் முன் விண்ணப்பிக்க வேண்டாம். கோப்பு மாறினால் கட்டிய பணம் வீண்.

கரோனர் பதிவுகளை நம்பித் திட்டமிடாதீர்கள். பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன, எஞ்சியவற்றில் 75 ஆண்டுகளுக்கு உட்பட்டவை பொதுவாகப் பார்வைக்கு வராது. அவற்றின் இடத்தைச் செய்தித்தாள் அறிக்கைகள்தான் நிரப்பும்.

செய்தித்தாள் சந்தாவுக்கு ஒரு யோசனை: தேட வேண்டிய பெயர், ஊர், தேதி ஆகியவற்றை முழுப் பட்டியலாக எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு மாதச் சந்தா எடுங்கள். கிடைத்தவற்றை உடனுக்குடன் பதிவிறக்கி, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் கோப்பின் பெயராகவே வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுவது, உண்மை வழக்கு ஒன்றை அப்படியே எழுதுபவருக்கு மட்டுமே தேவை. கற்பனைக் கொலைக்கு அது வெறும் பொழுதுபோக்குச் செலவு. இனிமையான பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை.

8. வரைவு முடிந்தபின் செய்யும் சோதனை

கதாநாயகிக்குத் தெரியவரும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அதை அவர் எப்படி அறிந்தார் என்று ஓரத்தில் எழுதுங்கள்: கண்டார், கேட்டார், படித்தார், யாரோ சொன்னார். ‘நட்பான காவல் ஆய்வாளர் சொன்னார்’ என்பது இரண்டு முறைக்கு மேல் வந்தால் அந்த நாவலின் துப்பறிவாளர் அந்த ஆய்வாளர்தான். கதாநாயகி உடன் நடப்பவர் மட்டுமே. அப்படிப்பட்ட இடங்களை வேறு வழிகளால் மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக, 1858க்குப் பிறகு நிரூபிக்கப்பட்ட உயில்களைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்க முடிந்தது. ஆய்வாளர் காதில் சொல்ல வேண்டிய சொத்து விவரத்தைக் கதாநாயகியே சென்று படிக்கட்டும்.

பிறகு பேச்சைச் சோதியுங்கள். 1860இல் வாழும் பெண் இன்றைய கருத்துகளை இன்றைய சொற்களில் பேசினால் அவர் வேடமிட்ட நம் காலத்தவர் ஆகிவிடுவார். அவர் தன் காலத்தின் நம்பிக்கைகளில் சிலவற்றையாவது உண்மையாகவே நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு முறையாவது அவரைத் தவறான ஆளைச் சந்தேகிக்க வைக்கட்டும்.

கடைசியாக ஆசிரியர் குறிப்பு. உண்மை வழக்கின் நிழல் இருந்தால் ஊரையும் பெயர்களையும் மாற்றிவிட்டு, எதை மாற்றினீர்கள் என்பதை அங்கே சொல்லுங்கள். அமர்வுத் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்திருந்தால், இல்லாத ஒரு ரயில் நிலையத்தைச் சேர்த்திருந்தால், அதையும் எழுதுங்கள். இரண்டு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். கொலையாளி யார் என்பதை அக்குறிப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் அதை நூலின் இறுதியில் மட்டுமே அச்சிடச் சொல்லி, கையெழுத்துப் பிரதியை அனுப்பும் கடிதத்திலேயே பதிப்பாளருக்குக் குறிப்பிட்டுவிடுங்கள்.